ஔஷதகிரியில் சஞ்சீவி இருக்கிறதா?

கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அங்கே ஔஷதகிரி மலைப்படி ஏறும்போது கூட வந்த பெரியவர், “இது அனுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு, இங்கே எந்தத் தழையைக் கிள்ளினாலும் மருந்துதான்” என்றாராம். இறங்கி வரும்போது ஒரு பொடிப் பொட்டலம் வாங்கியிருக்கிறார். சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லி விற்றார்களாம். பெரியவர் சொன்னது உண்மையா, அங்கே அப்படி என்னதான் முளைக்கிறது, அந்தக் காலத்தில் எதை எதற்குப் பயன்படுத்தினார்கள், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்கு அந்தப் பொடியைக் கொடுக்கலாமா என்று நான்கு கேள்வி.

கடலூரில் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். அந்த மலையிலும் சுற்றுவட்டாரத்திலும் வருஷாவருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்தவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும். கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். காரணம் பின்னால் வரும்.

முதலில் மலை. மலை என்றதும் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை மாதிரி எதையோ நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். அடிவாரத்தில் தேவநாதசுவாமி கோயில், பக்கத்தில் கெடிலம் ஆறு, 74 படி ஏறினால் ஹயக்கிரீவர் சன்னதி. அவ்வளவுதான் ஔஷதகிரி. நம் மாவட்டத்தில் ‘மலை’ என்ற சொல்லையே கொஞ்சம் தாராளமாகத்தான் புழங்குகிறோம். விருத்தாசலத்துக்குப் பழமலை, திருமுதுகுன்றம் என்றெல்லாம் பெயர். போய்ப் பார்த்தால் ஊர் சமதரையில் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் திருவந்திபுரத்துக்காரர்கள் மூச்சு வாங்க ஏறுவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

இந்தக் குன்று தனியாக நிற்கும் ஒன்றில்லை. கடலூருக்குத் தெற்கிலும் மேற்கிலும் நீளும் கேப்பர் மலை மேட்டின் ஒரு முனை இது. மேடு முழுக்கச் செம்மண்ணும் கூழாங்கல்லும் கலந்த மணற்கல். நிலவியல் புத்தகங்களில் இதற்குப் பெயரே கடலூர் மணற்கல்தான். இதே அடுக்குதான் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் தலைமேல் கிடக்கிறது, திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களை வைத்திருக்கிறது, புதுச்சேரியில் கோரிமேடு பக்கம் சிவப்பாக எட்டிப்பார்க்கிறது. மழைத்தண்ணீர் இதில் சீக்கிரம் இறங்கிவிடும், மேலே தங்காது. இந்த மேட்டில் எது முளைக்கலாம், எது முளைக்கக் கூடாது என்பதை முடிவு செய்வதில் பாதிப் பங்கு இந்த மண்ணுக்கு.

மீதிப் பாதி மழைக்கு. வருஷத்துக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கேட்க நிறைய மாதிரித் தெரியும். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். தையிலிருந்து ஆடி வரை வறட்சிதான். இப்படிப்பட்ட இடத்தில் மரங்கள் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்பதுதான் வழக்கம். இங்கே அப்படி இல்லை. சோழமண்டலக் கரையோரக் காட்டின் பெரும்பாலான மரங்கள் சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். இலை தடிப்பாக, தோல் மாதிரி, எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளக்கும். தண்ணீரை லேசில் விடாது. மரமும் உயரமாகப் போகாது, பெரும்பாலும் முப்பது நாற்பது அடிக்குள் அடங்கிவிடும். வறண்ட நிலத்தில் பசுமை மாறாத காடு என்பதால் ஆராய்ச்சிக்காரர்கள் இதை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். ஒரு காலத்தில் கரையோரம் நெடுகப் பரவியிருந்த காடு. இன்று கோயில் காடுகளாகவும் சில துண்டுகளாகவும்தான் மிச்சம். காலாப்பட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வரும் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு ஒன்று. நம் பக்கம் திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் இருக்கும் காடுகள் இன்னும் இரண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் இந்தத் துண்டுகளில் ஒவ்வொரு மரத்தையும் அளந்து எண்ணிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

ஆக, ஔஷதகிரியில் முளைப்பது தனி ரகம் ஒன்றும் கிடையாது. இந்தக் கரையோரக் காட்டின் செடிகொடிதான். குன்றின் மேலே இப்போது மண்டபமும் படிக்கட்டும் கல்யாணக் கூட்டமுமாகிவிட்டது. முகூர்த்த நாளில் ஏறினால் செடியைவிட மாலைதான் அதிகம் கண்ணில் படும். செடி பார்க்க வேண்டுமென்றால் சரிவுகளுக்கும், மேற்கே திருமாணிக்குழி பக்கமும் போக வேண்டும்.

சஞ்சீவிக் கதைக்கு வருகிறேன். அனுமார் தூக்கிப்போன மலையிலிருந்து துண்டு விழுந்ததாகச் சொல்லும் இடங்களை எண்ணத் தொடங்கினால் கை விரல் பற்றாது. கன்னியாகுமரிப் பக்கம் மருந்துவாழ் மலை, ராஜபாளையம் சஞ்சீவி மலை, திண்டுக்கல் சிறுமலை, கடல் தாண்டினால் இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் ருமஸ்ஸல. எல்லா இடத்திலும் ஒரே கதை. நான் இதைப் பொய் என்று தள்ள மாட்டேன். எந்த மேட்டில் வைத்தியர்களுக்குச் சரக்கு கிடைத்ததோ அந்த மேட்டின்மேல் சனங்கள் ஒட்டிய சீட்டு இது என்று எடுத்துக்கொள்வேன். ‘ஔஷதகிரி’ என்றாலே மருந்து மலைதானே. சஞ்சீவி எந்தச் செடி என்பதில் இன்றுவரை முடிவு கிடையாது. காய்ந்து சுருண்டு கிடந்து தண்ணீர் பட்டதும் விரியும் ஒரு செலாஜினெல்லா வகைச் செடியை வடநாட்டில் சஞ்சீவி என்று விற்கிறார்கள். நம் மேட்டில் நான் அதைப் பார்த்ததில்லை.

வேதாந்த தேசிகர் (1268-1369) ஹயக்கிரீவரைத் தரிசித்தது இந்தக் குன்றில்தான், அதுவும் ஓர் அரசமரத்தடியில் என்பார்கள். நாற்பது வருஷம் போல இந்த ஊரில் இருந்தவர். திருமங்கையாழ்வார் பாடிய தலமும் இது. இத்தனை நூற்றாண்டுகளாக ஒரு மேட்டைப் புனிதம் என்று வைத்திருந்தால் அங்கே கோடரி கொஞ்சம் தயங்கும். காடு மிஞ்சியது அந்தத் தயக்கத்தில்தான்.

இப்போது செடிகள். ஒன்றை மட்டும் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன், மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

அந்த ஒன்று காயா. இங்கே ஊர்ப்பக்கம் காசான், காசா என்பார்கள். பழைய இலக்கியத்தில் காயா என்றும் பூவை என்றும் வரும். திருப்பாவையில் ஆண்டாள் ‘பூவைப் பூவண்ணா’ என்று கூப்பிடுவது இந்தப் பூவின் நிறத்தைச் சொல்லித்தான். பெரிய புதர் அல்லது குட்டை மரம். பட்டை பழுப்பு, இலை எதிரெதிராக, தடிப்பாக. பூக்காத நாளில் பத்துப் பேர் பக்கத்தில் நடந்துபோனாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோடையில் ஒரு நல்ல மழை விழட்டும். சில நாளில் இலை உதிர்ந்த பழைய கிளைகளின் மேலேயே, கம்புக்குச் சட்டை போட்ட மாதிரி, நீலப் பூ அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு பூவும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கொத்தாகச் சேர்ந்து பார்த்தால் மயில் கழுத்து. தேனீ இரைச்சலைக் கேட்டே மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு மூன்று நாள்தான், எல்லாம் கீழே கொட்டித் தரை நீலமாகிவிடும். பிறகு கறுப்பாகச் சின்னப் பழம் வரும். சின்னான் குருவிக்கு அது விருந்து, சுள்ளி பொறுக்கும் பிள்ளைகளுக்கும்தான். பெருமாள் கோயில் மலைச் சரிவில் பெருமாள் நிறத்துப் பூ பூக்கிறது என்று சொல்லிக் காட்டும்போது, பேச்சை நிறுத்தாத பிள்ளைகள்கூட ஒரு நிமிஷம் நிறுத்துவார்கள்.

ஆனால் காயாவின் பெருமை பூவில் மட்டும் இல்லை. அதன் இலை ஒரு சாயப்பட்டறைச் சரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கி உட்கார்ந்தது எதற்கு? துணிக்கு. இந்தக் கரையின் சிவப்புச் சாயத் துணி எத்தனை தரம் துவைத்தாலும் போகாது. அந்தச் சிவப்பைக் கொடுத்தது மணல் நிலத்தில் தரையோடு தரையாகப் படரும் சாயவேர்ச் செடி. சித்த வைத்தியர்கள் அதையே இம்பூறல் என்பார்கள். இருமலில் இரத்தம் வந்தால் கொடுக்கும் மருந்து. சாணகல உயரம்கூட இல்லாத செடி, ஆனால் வேர் நீளமாக, ஆரஞ்சு நிறத்தில் இறங்கும். பிடுங்கிப் பார்த்தால் விரலில் ஒட்டும்.

சாயம் தானாகப் பருத்தியில் பிடிக்காது. துணியை முதலில் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். எங்கே சிவப்பு வேண்டுமோ அங்கே படிகாரம் தொட்டு எழுதுவார்கள். பிறகு சாயவேர்க் கஷாயத்தில் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும். இந்தப் பக்கம் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ, துணிக்குச் சாயம் எழுதும் வேலையை வரி விடாமல் கேட்டு எழுதி 1742-ல் பிரான்சுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தொழில் ரகசியம் கப்பலேறியது அப்படித்தான். நியாயமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. அவர் எழுதாமல் விட்டிருந்தால் நமக்கும் இவ்வளவு விவரம் கிடைத்திருக்காது.

இதில் காயா எங்கே வருகிறது? படிகாரத்தில் இருப்பது அலுமினியம். சாயத்தையும் நூலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் கை அதுதான். காயாச் செடி மண்ணில் இருக்கும் அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் பழக்கம் உள்ள செடி. மற்ற செடிக்கு நஞ்சாகும் அளவு அலுமினியம் இதற்கு ஒன்றும் செய்வதில்லை. ஆக, காயா இலை என்பது மரத்தில் காய்க்கும் படிகாரம். சாயவேரோடு காயா இலையையும் சேர்த்தார்கள். கடுக்காயும் பதிமுகக் கட்டையும் கூட்டி இதே இலையைக் கொதிக்கவைத்துப் பாய்க்கோரைக்கு ஆழ்ந்த சிவப்பு ஏற்றினார்கள். வேதியியல் தெரியாமல் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வதற்கு எனக்கு மனசு வராது. பெயர் வேறாக இருந்திருக்கலாம், அவர்களுக்குத் தெரிந்ததும் வேதியியல்தான். 1868-ல் ஜெர்மனியில் அலிசரினை, அதாவது சாயவேரில் இருக்கும் அதே சிவப்பை, செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சாயவேர் தோண்ட ஆளில்லை, காயா இலை பறிக்கவும் ஆளில்லை. செடி மட்டும் நிற்கிறது.

அடுத்து குருந்து. இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசனை. அதனால் காட்டு எலுமிச்சை என்றும் பெயர். முள் இருக்கும், ஜாக்கிரதை. பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, பார்க்க எலுமிச்சைக் குட்டி மாதிரியே இருக்கும். பழத்திலிருந்து எடுக்கும் எண்ணெயை வாதத்துக்கு மேலுக்குத் தடவுவார்கள். மாணிக்கவாசகருக்குக் குருவாக ஈசன் உட்கார்ந்தது குருந்தமரத்தடி, கண்ணன் ஏறியதும் குருந்து என்பார்கள். இரண்டு பக்கத்தாரும் சொந்தம் கொண்டாடும் மரம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பாலை என்ற பெயரில் ஒரு குடும்பமே இருக்கிறது; இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள், பொடிப் பொட்டலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. உலக்கைப்பாலை மரத்தில் மஞ்சள் பழம் பழுக்கும். அவ்வளவு தித்திப்பு, தின்றால் உதடு ஒட்டும். அதன் கட்டை இரும்பு மாதிரி. உலக்கைக்கும் செக்குக்கும் போனது, பெயரும் அப்படி வந்தது. வெட்பாலை வேறு மரம். அதன் இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வையுங்கள், சில நாளில் எண்ணெய் நாவல்பழ நிறத்துக்குத் திரும்பும். தோலில் செதில் செதிலாக வரும் நோய்க்கு மேலே தடவ வைத்தியர்கள் கொடுக்கும் எண்ணெய் அது. மூன்றாவது நிலப்பாலை. ஒடுவன் என்றால் நம் விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்தார் எல்லாருக்கும் தெரியும். அது கடும் நஞ்சு. உடம்பில் பொட்டாசியத்தை இறக்கி, இரத்தத்தில் அமிலத்தை ஏற்றி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மாற்று மருந்து கிடையாது. கோரிமேடு ஜிப்மர் மருத்துவர்களுக்கு இது நன்றாகப் பழக்கமான நஞ்சு. ஒன்று தித்திக்கும், ஒன்று தோலுக்கு மருந்து, ஒன்று ஆளையே கொல்லும். மூன்றுக்கும் பெயர் பாலை. “எந்தத் தழையைக் கிள்ளினாலும் மருந்து” என்ற பெரியவரிடம் நான் தகராறு பண்ணுவது இந்த இடத்தில்தான்.

ஈசுவரமூலி என்று ஒரு கொடி. பாம்புக்கடிக்கு என்று பெருமருந்தாகப் பேர் வாங்கியது. அதில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்று இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. பாம்பு கடித்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் வழி. அந்தக் கொடியை ரோஜா அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு விட்டுவிடலாம். அதற்கு அந்த நஞ்சுதான் சாப்பாடு. தின்று சேர்த்துக்கொண்டால் குருவி அதைத் தொடாது. செங்காந்தளும் அப்படித்தான். நம் மாநிலப் பூ, பார்க்க அக்கினி ஜுவாலை, கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்ற நஞ்சு. கீல்வாத மாத்திரைக்கு ஏற்றுமதியாகும் சரக்கு, வீட்டில் வைத்துக்கொள்ளும் சரக்கு இல்லை. எட்டியும் குன்றிமணியும் கொல்லும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பயமுறுத்தியது போதும். சமையலறைப் பக்கம் வந்தால் இந்தக் காடு ரொம்பத் தாராளம். களாக்காய் ஊறுகாய், பிரண்டைத் துவையல், தூதுவளை ரசம், முடக்கத்தான் தோசை, ஆதண்டங்காய் வத்தல், நன்னாரி சர்பத். இதில் ஆதண்டங்காய்க்கு மட்டும் ஒரு வார்த்தை. முள்ளுக்கொடி, பூ வெள்ளையாகத் திறந்து அப்புறம் சிவக்கும். தொண்டை நாட்டுக்குப் பெயர் கொடுத்த ஆதொண்டை இதுதான் என்பார்கள். காயைக் கீறி மோரில் ஊறவைத்து வத்தல் போட்டால் கசப்பு போன பிறகும் ஒரு விறுவிறுப்பு மிஞ்சும். என் மாமியார் போடுவார்கள்; அவர்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் கைப்பக்குவம் வரவில்லை. மேய்ச்சலுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் காரைப்பழம், சூரைப்பழம், வெள்ளைப்பூலா என்று மடி நிறைய இருந்தது. உசிலை இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. எண்ணெய் தேய்த்த தலைக்கு அதைவிட நல்ல ஷாம்பு கிடையாது. நொச்சித் தழை போட்டு வேது பிடிக்காத வீடு கெடிலக் கரையில் இருந்திருக்காது. பிள்ளை பெற்றவளுக்கு முட்சங்கன் இலை. கைக்குழந்தை மந்தத்துக்கு நுணா இலை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் திருவந்திபுரத்தைச் சொன்னதாகாது. பெருமாளுக்குத் தாகம் எடுத்ததாம். கருடன் தண்ணீர் கொண்டுவரப் பறந்து போனார், வரத் தாமதம். ஆதிசேஷன் வாலால் பூமியை அடித்துக் கிணறு உண்டாக்கிவிட்டார். கருடன் கொண்டுவந்தது கெடிலம், கருட நதி; சேஷன் உண்டாக்கியது சேஷ தீர்த்தம். அந்தக் கிணற்றில் உப்பும் மிளகும் வெல்லமும் போட்டு வேண்டிக்கொள்வது இன்றும் நடக்கிறது. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் செம்மண் கலங்கல்தான் வரும். அதைத் தெளியவைக்கத் தேத்தான்கொட்டை. புதுப்பானையின் உள்பக்கம் ஒரு கொட்டையை வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால், விடிவதற்குள் மண் அடியில் தங்கி மேலே கண்ணாடி மாதிரி நிற்கும். கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் மண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கனமாக்கிக் கீழே இறக்குகின்றன. கலங்கல்தான் போகும், கிருமி முழுதாகப் போகாது. பிறகு காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். தேத்தானுக்கு உடன்பிறப்பு மாதிரியான மரம் எது தெரியுமா? எட்டி. ஒரே பேரினம். தண்ணீரைச் சுத்தம் செய்வதும் ஆளைக் கொல்வதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நிலவேம்பைக் கேட்காமல் யாரும் விட மாட்டீர்கள். டெங்குக் காலத்தில் ஊர் ஊராக ஊற்றிக் கொடுத்த நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு ஒன்பதில் ஒரு பங்குதான். வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று மற்ற எட்டும் சேர வேண்டும். அந்தப் பற்படாகத்திலேயே தகராறு உண்டு: தமிழ்நாட்டு வைத்தியர் ஒரு செடியை எடுப்பார், வேறு மாநிலத்தில் அதே பெயரில் வேறு செடி போகும்.

பெயரின் வில்லங்கம் இதுதான். உங்கள் பொட்டலத்தில் இருப்பது சிறுகுறிஞ்சான் என்றுதான் நினைக்கிறேன். சர்க்கரைக்கு என்று விற்கும் பொடிகளில் பெரும்பாலும் அது இருக்கும். சிறுகுறிஞ்சான் உண்மையில் கெட்டிக்காரக் கொடி. பிள்ளைகளிடம் ஒரு பச்சை இலையைக் கொடுத்து நன்றாக மெல்லச் சொல்வேன். முகத்தைச் சுளிப்பார்கள். வாய் கொப்பளித்துவிட்டு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்ளச் சொல்வேன். வாயில் மணலை அள்ளிப்போட்ட மாதிரி நரநரக்கும், இனிப்பு துளியும் தெரியாது. நாக்கில் இனிப்பு வந்து உட்காரும் இடத்தை இலையின் ஜிம்னிமிக் அமிலம் அடைத்துக்கொள்வதுதான் காரணம். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ‘சர்க்கரைக்கொல்லி’ என்ற பெயர் இப்படி வந்தது. இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு குறைக்கும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. சிக்கலே அங்கேதான். அப்பா ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறார். அதன் மேல் இதுவும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். வயசானவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து.

இன்னொன்று, பொடி உண்மையிலேயே சிறுகுறிஞ்சான்தானா? குறிஞ்சான் என்ற பெயரிலேயே பெருங்குறிஞ்சான் என்று வேறு கொடி இருக்கிறது. ஒரு முறை ஒரு நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோனேன். நாக்கில் வைத்து, கொப்பளித்து, சர்க்கரை போட்டால் சுத்தமாகத் தித்தித்தது. முப்பது பிள்ளைகள் முன்னால் என் மானம் போனது. என்ன பொடியோ, பச்சையாக இருந்தது, அவ்வளவுதான். உங்கள் பொட்டலத்தையும் அதே மாதிரி சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். வேறு என்ன கலந்திருக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது. அப்பாவைப் பார்க்கும் டாக்டரிடம் பொட்டலத்தைக் காட்டுங்கள். சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அரசு ஆஸ்பத்திரியின் சித்தப் பிரிவில், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டோடு போய்க் கேளுங்கள். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மட்டும் போகாதீர்கள்.

காடு எப்படிக் குறைந்தது என்பது தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். செம்மண் மேடு முந்திரிக்குப் பிடித்துப்போயிற்று. பண்ருட்டி வரை முந்திரியும் பலாவும்தான். பிறகு சவுக்கு வந்தது, தைலமரம் வந்தது, உன்னிச்செடி கேட்காமலே வந்தது. சாலைக்கும் மனைக்கும் மண் வெட்டிக்கொண்டு போனார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததை மறக்க முடியாது. ஒரு வாரம் கழித்துக் கோயில் காட்டுப் பக்கம் போனேன். கிளை முறிந்திருந்தது, இலை உதிர்ந்திருந்தது. ஆனால் குட்டை மரங்களான வீரையும் காயாவும் பெரும்பாலும் நின்ற இடத்தில் நின்றன. மூன்று மாதத்தில் துளிர்த்துவிட்டன. நான் எண்ணிக் கணக்கு எடுக்கவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரே ஒரு மரத்தின் பெயரில் இருக்கிறது, அதையாவது சொல்ல வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் என்பது பாதிரி மரத்தால் வந்த பெயர். பாடலீஸ்வரர் கோயிலின் தல விருட்சம் அது. பேச்சில் திருப்பாப்புலியூர் என்று சுருக்கிப் பாதிரியை விழுங்கிவிட்டோம். சிதம்பரத்துக்குத் தில்லை, விருத்தாசலத்துக்கு வன்னி, திருமாணிக்குழிக்குக் கொன்றை, திருநாவலூருக்கு நாவல். தில்லை மரத்தைப் பார்க்க இன்று பிச்சாவரம் போக வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, எட்டி நின்றே பாருங்கள்.

நேரில் பார்க்க வேண்டுமானால் இப்படிப் போங்கள். முகூர்த்தம் இல்லாத ஒரு நாள் காலை ஏழு மணிக்குள் திருவந்திபுரம். படியேறி ஹயக்கிரீவரைச் சேவித்துவிட்டு இறங்குங்கள். அங்கிருந்து திருமாணிக்குழி. கோயிலில் சுவாமிக்கு முன்னால் எப்போதும் திரை போட்டிருப்பார்கள், வழக்கம் அது. தரிசனம் முடிந்ததும் காட்டுப் பக்கம் நடங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டால் நல்லது, மாடு மேய்க்கும் அம்மாக்களுக்கு என்னைவிட அதிகச் செடி தெரியும், “காசான் எங்கேம்மா இருக்கு?” என்று கேட்டால் போதும். கோடை மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாள் ஆகியிருந்தால் நீலத்தைப் பார்ப்பீர்கள். எதையும் பறிக்க வேண்டாம். குருந்து இலை ஒன்றை மட்டும் கசக்கி முகர்ந்து பாருங்கள், அன்று முழுக்க விரலில் இருக்கும்.